ஆல்டர்னேட்டருக்கு 3 முறை காசு கொடுத்தேன்: டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கோயம்பேட்டில் காய்கறி ஏற்றி அடையாறு, திருவான்மியூர் பக்கம் கடைகளில் இறக்குவது என் தொழில். சொந்த வண்டி, டீசல் பிக்கப், இன்னும் 14 மாதம் டியூ பாக்கி. போன வருஷம் இதன் ஆல்டர்னேட்டருக்கு (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாகம்) மட்டும் 3 முறை காசு கொடுத்தேன். கடைசியில் பிடிபட்ட காரணம் உங்கள் வண்டியிலும் இருக்கலாம், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் முறை, விடியற்காலை 3 மணிக்கு லோடு ஏற்றிக் கிளம்பும்போது பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. ரேஸ் கொடுத்தால் அணைகிறது, ஐடிலில் மறுபடி எரிகிறது. வடபழனி தாண்டுவதற்குள் ஹெட்லைட் மஞ்சளடித்துவிட்டது. பேட்டரிதான் போய்விட்டது என்று 6,800 ரூபாய்க்குப் புதுசு வாங்கினேன். நாலே நாளில் அதுவும் இறங்கிவிட்டது.

அன்றைக்கு ஒரு மல்டிமீட்டர் கையில் இருந்திருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். 12 வோல்ட் வண்டியில் இன்ஜின் நின்றிருக்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் எத்தனை புது பேட்டரி வைத்தாலும் வீண். 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது என்று அர்த்தம், பேட்டரி வெந்துவிடும்.

சரி, ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்வது ஆல்டர்னேட்டரைத்தான். அதைத் திறந்துகூடப் பார்க்காமல் “டைனமோ போச்சு, அசெம்பிளியா, முழுசா மாத்தணும்” என்று 17,500 ரூபாய் சொன்னார்கள். என்னால் முடியாது. வேறொரு கடையில் ரீகண்டிஷன் செய்ததை 7,000-க்குப் போட்டேன்.

ஐந்து வாரம் ஓடியது. அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கத்திப்பாரா பாலத்திலிருந்து கிண்டி பக்கம் இறங்குகிறேன், பின்னால் முழுக்க வெங்காய மூட்டை. முதலில் ரப்பர் கருகும் வாசனை, அடுத்து படார் என்று ஒரு சத்தம். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் அறுந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன், பிடித்தது. இரண்டாவது முறையும் பிடித்தது. மூன்றாவது முறை பெடல் கல்லாக நின்றது, காலை ஊன்றி எழுந்து மிதித்தும் வண்டி அடங்கவில்லை. கியரை இரண்டுக்குக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டினேன். இறங்கி நின்றபோது முழங்கால் நடுங்கியது.

ஆல்டர்னேட்டருக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. டீசல் இன்ஜினில் பெட்ரோல் வண்டி போல, நம் மிதிக்குப் பலம் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போதிய வேக்குவம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்) தானாகக் கிடைக்காது, தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். பல டீசல் பிக்கப்களில் அந்தப் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே, அதே ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கிறது. ஷாஃப்ட் இறுகினாலோ பெல்ட் அறுந்தாலோ சார்ஜும் போகும், பிரேக் பூஸ்டரும் போகும். பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். என் வண்டியில் வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது, ஆக அதற்கு மேல் ஓட்டவும் கூடாது.

கடைக்காரர் பேரிங் ஜாம் என்று சொல்லி இன்னொரு ரீகண்டிஷன் போட்டார், 5,500. மூன்றே வாரத்தில் மறுபடி அந்த மங்கல் விளக்கு.

இந்த முறை ஒரு தெரிந்த டிரைவர் அண்ணன் புதுப்பேட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, பின் மூடியை என் கண் முன்னாலேயே திறந்தார். உள்ளே கறுப்புக் களிம்பு, கண் மை போல. விரலால் வழித்து என்னிடம் காட்டினார். கார்பன் பிரஷ் தேய்ந்து விழுந்த தூளும் இன்ஜின் ஆயிலும் கலந்த களிம்பு அது. பிரஷ் அதில் ஒட்டிக்கொண்டு, அது கரண்ட் கொடுக்க வேண்டிய சுழலும் வளையமான ஸ்லிப் ரிங்கைத் தொடாமலே நின்றிருந்தது. “டைனமோ மேல தப்பில்ல தம்பி. இதுக்கு ஆயில் ஊட்டி ஊட்டிக் கொன்னுருக்காங்க” என்றார்.

வேக்குவம் பம்ப்புக்கு இன்ஜின் ஆயில் ஒரு பைப்பில் வருகிறது, இன்னொரு ஓஸ் வழியாகத் திரும்பி சம்புக்கு (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) போகிறது. என் வண்டியில் அந்தத் திரும்பும் ஓஸ் உள்ளுக்குள் ஊதிப்போய் அடைத்திருந்தது. வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அவர் அதை நெடுக அறுத்துக் காட்டினார், ஓட்டை பென்சில் முனை அளவுகூட இல்லை. வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆல்டர்னேட்டருக்குள் இறங்கியிருக்கிறது, பேரிங்கில் இருந்த கிரீஸையும் கழுவிவிட்டிருக்கிறது. எத்தனை ஆல்டர்னேட்டர் மாற்றினாலும் அத்தனையும் சாகத்தான் செய்திருக்கும்.

சீல், பிரஷ், பேரிங் இரண்டு, கூலி எல்லாம் சேர்த்து 2,900. ஓஸ் 180 ரூபாய். பத்து மாதமாக ஓடுகிறது, இன்று காலை பார்த்தேன், 14.2 வோல்ட்.

பள்ளிக்கரணையிலிருந்து ஒருவர்:

அண்ணே, என் கதை வேறு. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, பேரிங்கும் பிரஷ்ஷும் மாற்றினேன். அதற்குப் பிறகும் சார்ஜ் குறைவாகவே இருந்தது. புதுசுதான் போட வேண்டும் என்று மூன்று கடையில் சொன்னார்கள். நாலாவது ஆள் மீட்டரை ஆல்டர்னேட்டர் முனையில் வைத்தார், 14.1. பேட்டரியில் வைத்தார், 12.9. இடையில் 1.2 வோல்ட் எங்கே போனது? இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயர் போல்ட் அடியில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினார். வேலை முடிந்தது.

மாதவரத்திலிருந்து ஒருவர்:

தயவுசெய்து ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி “வண்டி நிக்கல, டைனமோ நல்லாருக்கு” என்று பார்க்கும் மெக்கானிக்கை விடாதீர்கள். அந்த நொடியில் வோல்டேஜ் எகிறி டையோடு எரியும், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் தெளிக்கும் காமன் ரயில் வண்டியில் அந்தக் கம்ப்யூட்டரான இசிஎம்முக்கும் ஆபத்து. என் மச்சான் வண்டியில் இப்படித்தான் நல்ல ரெக்டிஃபையர் (அந்த டையோடுகள் இருக்கும் பாகம்) போனது.

முதலில் எழுதியவர்:

நன்றி தம்பி, எர்த் விஷயம் நான் பார்த்ததே இல்லை, நாளைக்கே பார்க்கிறேன். இப்போது ஞாயிறுதோறும் ஆல்டர்னேட்டர் அடியில் வெள்ளைத் துணியால் துடைத்து ஆயில் ஒட்டுகிறதா என்று பார்க்கிறேன். லோடு ஏற்றுமுன் தினமும் பிரேக்கும் பார்க்கிறேன்: இன்ஜின் ஆஃபில் பெடல் கல்லாகும்வரை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெடல் மெதுவாகக் கீழே இறங்கினால் வேக்குவம் வருகிறது. இறங்காத நாளில் வண்டியை எடுக்காதீர்கள்.