வாத்தியார் செய்து தந்த ரைஃபிள்: ஈரக்காலத்தில் குறி விலகுகிறது

கேள்வி:
எனக்கு மரவேலையும் சுடுவதும் கற்றுத்தந்த வாத்தியார், மவுசர் 98 ரைஃபிள் ஒன்றுக்கு வால்நட் மரத்தில் கட்டை (குழலைத் தாங்கி, தோளில் ஊன்றும் பகுதி) செதுக்கி, முறைப்படி என் உரிமத்தில் ஏற்றித் தந்தார். என் கன்னம் படியும் உயரத்துக்கே செய்தது. பிடியருகே உளி ஒரு நூல் வழுக்கிய தடம். விரல் தானாக அங்கேதான் போய் நிற்கும். ஈரக்காலம் தொடங்கியதிலிருந்து 100 மீட்டரில் குண்டு நான்கு விரற்கடை இடப்பக்கம் விழுகிறது. ஃபைபர் கட்டைக்கு மாறச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

பதில் 1:
மாற்றாதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பிக் குழலை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது போல. ரைஃபிளின் குண்டறையில் குண்டில்லை என்று பார்த்துவிட்டு, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுங்கள். வலப்பக்கம் எங்காவது சிக்கும்.

பதில் 2:
அப்புறம் குழல் உட்காரும் உள்பள்ளத்தையும், தோளில் படும் பின்தட்டுக்கு அடியில் இருக்கும் மரமுனையையும் பாருங்கள். வெளியே எத்தனை முறை எண்ணெய் தேய்த்தாலும், அங்கே பூச்சில்லையென்றால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். சிக்கும் இடத்தைத் தேய்க்க உப்புத்தாளை எடுக்கும் முன் அவரிடமே கேளுங்கள். அது அவருடைய வேலை.

கேட்டவர்:
தாள் முன்முனையிலிருந்து நான்கு விரல் உள்ளே, வலப்பக்கமே சிக்கியது. சரி என்று கட்டையோடு அவரிடம் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பள்ளத்தைத் தடவிப் பார்த்தவர், சுரண்டியை என் கையில் கொடுத்து, "நீயே எடு, நான் பார்க்கிறேன்" என்றார்.