ஃபாக்ஸ் அடித்த 39: லான்ஸோ பாலின் டிஃபென்ஸ் அந்த ஒரே இரவில் அம்பலமானதா?

கடைசி_நொடி
2017 மார்ச் 24, மெம்ஃபிஸ். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் என்சிஏஏ தொடரில் கடைசி 16 அணிகளின் சுற்று. கென்டக்கி 86, யூசிஎல்ஏ 75. கென்டக்கியின் டி'ஆரன் ஃபாக்ஸ் 39 புள்ளி, யூசிஎல்ஏவின் லான்ஸோ பால் 10. இருவருமே முதலாண்டு மாணவர்கள், இருவரும் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டு வந்து தாக்குதலை நடத்துபவர். நேற்று அந்த ஆட்டத்தை முழுதாக மறுபடி பார்த்தேன்.

என் கட்சி இதுதான்: சாதாரண ஆட்களை எதிர்த்து முப்பது ஆட்டம் ஆடியதை வைத்து ஒரு பையனின் டிஃபென்ஸை (எதிரியைத் தடுக்கும் ஆட்டத்தை) எடை போட முடியாது. தனக்குச் சமமான ஒருவன் எதிரே வந்து நிற்கும் நாள்தான் தேர்வு. லான்ஸோ அதில் தோற்றார். அப்படியும் என்பிஏ (தொழில்முறைக் கூடைப்பந்து) அணிகள் புதியவர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது லேக்கர்ஸ் அணி அவரை இரண்டாவதாக எடுத்தது, ஃபாக்ஸ் ஐந்தாவதாகத்தான் போனார். டிஃபென்ஸை யாராவது பார்த்தார்களா என்று இன்றும் சந்தேகம்.

இடதுகைக்காரன்
அதே இரண்டு அணிகள் 2016 டிசம்பர் 3 அன்று கென்டக்கியின் சொந்தக் களத்தில் மோதின. யூசிஎல்ஏ 97-92 என்று ஜெயித்தது. அதை ஏன் தேர்வாக எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? நமக்குப் பிடித்த விடைத்தாளை மட்டும் திருத்தக் கூடாது.

அப்புறம், 39 புள்ளியையும் ஒரே ஆளின் கணக்கில் எழுதுகிறீர்கள். ஸ்கிரீன் (காப்பவனின் வழியில் எதிரணி ஆள் குறுக்கே நிற்பது) வந்தபின் உள்ளே நிற்கும் உயரமான ஆள் எங்கே நின்றார், ஓரத்தில் இருந்தவர் உதவிக்கு வந்தாரா, வேக எதிர்த்தாக்குதலில் யார் திரும்பி ஓடவில்லை, இதெல்லாம் எந்தக் கணக்கு? அந்த யூசிஎல்ஏ அணியே புள்ளி குவித்து ஜெயிக்கும் அணி. டிஃபென்ஸுக்காக யாரும் அவர்களைப் பார்க்கவில்லை.

கடைசி_நொடி
முதல் ஆட்டத்தில் ஜெயித்தபோதும் 92 விட்டார்கள். என் வாதத்துக்கு நீங்களே சாட்சி கொண்டு வந்துவிட்டீர்கள், நன்றி.

பெஞ்ச்_ஓரம்
சில வருடம் சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எண்களை விட்டுவிட்டு இடுப்பைப் பாருங்கள். லான்ஸோ அந்த வயதில் நிமிர்ந்து நிற்பார். 6 அடி 6 அங்குல உயரம், முழங்கால் மடங்காத நிற்பு. ஃபாக்ஸ் மாதிரி ஒருவன் முதல் எட்டை வைத்ததும், நிமிர்ந்து நிற்பவன் முதலில் குனிய வேண்டும், அப்புறம்தான் இடுப்பைத் திருப்ப முடியும். அந்த அரை நொடி போதும், ஆட்டக்காரன் தோளைத் தாண்டிவிடுவான். தோள் தாண்டிய பிறகு பக்கத்தில் ஓடுவது டிஃபென்ஸ் இல்லை, வழியனுப்பி வைப்பது.

இன்னொன்று. ஃபாக்ஸ் அந்த சீசனில் தூரத்து மூன்று புள்ளி எறிவுகளில் சுமார் 25 சதவீதம்தான் போட்டார். ஆகவே தள்ளி நில், ஸ்கிரீனுக்குக் கீழே, வளையப் பக்கமாகப் போ என்பது பாடப்புத்தக விடை. தள்ளி நின்றால் எறிய மாட்டான் என்பது சரி. ஆனால் அந்த இடைவெளியே அவனுக்கு ஓடுதளமும் ஆகிவிடும். முழு வேகத்தில் வருபவனை நின்ற இடத்திலிருந்து யார் மறிப்பது? வேகமான கார்டை ஒட்டி நிற்பதா தள்ளி நிற்பதா என்பதில் பெரிய பயிற்சியாளர்களே தடுமாறுவார்கள். பத்தொன்பது வயதுப் பையன் தடுமாறியதில் எனக்கு வியப்பில்லை.

ரீபவுண்ட்_ராணி
இடுப்பு, கால் எல்லாம் சரி பெஞ்ச் ஐயா. பந்து வைத்திருப்பவனைக் காப்பது மட்டும்தான் டிஃபென்ஸா? லான்ஸோவுக்கு அந்த சீசனில் ஆட்டத்துக்குச் சராசரி 1.8 ஸ்டீல் (எதிரியிடமிருந்து பந்தைப் பறிப்பது), 6 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). பந்து மறுபக்கம் இருக்கும்போது அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். பாஸ் கையை விட்டுக் கிளம்பும் முன்பே இவர் கிளம்பியிருப்பார். தாக்குதலில் பாஸ் கொடுக்கும் அதே மூளைதான் எதிரியின் பாஸையும் படிக்கிறது. அதைச் சொல்லிக்கொடுப்பது கடினம். குனிந்து நிற்கச் சொல்லிக்கொடுக்கலாம்.

கடைசி_நொடி
ஸ்டீலைக் காட்டி ஏமாற்றாதீர்கள் ராணி. ஸ்டீல் என்பது பாதி சூதாட்டம். பத்து முறை பாய்ந்து இரண்டு முறை பறித்தால் கைதட்டல், மிச்ச எட்டு முறை பின்னால் நாலு பேர் ஐந்து பேரைக் காக்க வேண்டும். அந்த எட்டும் எந்த அட்டவணையிலும் வராது. அதுவும் கல்லூரி ஆட்டத்தில்! அங்கே டிஃபென்ஸ் ஆட்களுக்கு மூன்று நொடி விதி (யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது) கிடையாது. உயரமான ஆள் வளையத்தடியில் குடியே இருக்கலாம். கார்டு பாய்ந்து தவறினாலும் பின்னால் காப்பீடு இருக்கிறது. என்பிஏவில் 2001-02 சீசனிலேயே அந்த விதி வந்துவிட்டது. தவிர 2017-ல் கல்லூரியின் மூன்று புள்ளிக் கோடு 20 அடி 9 அங்குலம், என்பிஏவில் நடுவே 23 அடி 9 அங்குலம். காக்க வேண்டிய நிலப்பரப்பே வேறு.

ரீபவுண்ட்_ராணி
இதே பேச்சை மடீஸ் தைபுல் விஷயத்திலும் கேட்டேன். 2018-19-ல் வாஷிங்டன் பல்கலைக்காக சராசரி 3.5 ஸ்டீல், 2.3 பிளாக் (எதிரியின் எறிவைத் தட்டிவிடுவது). "எல்லாம் ஸோன் டிஃபென்ஸ் (ஆளுக்குப் பதில் இடத்தைக் காப்பது) தந்த எண்கள், என்பிஏவில் கரைந்துவிடும்" என்றார்கள். 2021, 2022 இரண்டு வருடமும் என்பிஏ ஆல்-டிஃபென்சிவ் (சீசனின் சிறந்த டிஃபென்ஸ் வீரர்கள்) இரண்டாம் அணியில் அவர் பெயர் இருந்தது. கை சொன்னது பொய்யில்லை.

கடைசி_நொடி
தைபுல் பாயிண்ட் கார்டு இல்லை. அவர் தலையில் தாக்குதல் சுமை இல்லை. நாம் பேசுவது பாயிண்ட் கார்டைப் பற்றி.

இடதுகைக்காரன்
இப்போது சரியான இடத்துக்கு வந்தீர்கள். சுமை! லான்ஸோ 40 நிமிட ஆட்டத்தில் சராசரி 35 நிமிடம் ஆடினார். ஒவ்வொரு தாக்குதலையும் அவர்தான் தொடங்க வேண்டும். கல்லூரியில் ஐந்தாவது ஃபவுலில் வெளியே. அவர் உட்கார்ந்தால் அணியே உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்டவன் ஃபாக்ஸின் மார்பில் ஒட்டிக்கொண்டு நின்று, முதல் பத்து நிமிடத்தில் இரண்டு ஃபவுல் வாங்கவா? சோம்பலுக்கும் கட்டாயச் சிக்கனத்துக்கும் வித்தியாசம் உண்டு. வீடியோவில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதுதான் தொல்லை.

பெஞ்ச்_ஓரம்
இதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். மார்கஸ் ஸ்மார்ட் ஓக்லஹோமா ஸ்டேட்டில் முதலாண்டில் அதே சுமையைத் தூக்கினார், ஆட்டத்துக்கு 3 ஸ்டீல், கூடவே எதிரியின் நெஞ்சில் நெஞ்சு. பின்னாளில், 2021-22-ல், என்பிஏவின் சிறந்த டிஃபென்ஸ் வீரர் விருது. கேரி பேட்டனுக்கு (1995-96) அப்புறம் அதை வாங்கிய முதல் கார்டு அவர்தான். சுமை இருந்தாலும் செய்பவன் செய்கிறான். ஸ்மார்ட்டுக்கு காளை மாதிரி உடம்பு, லான்ஸோ அப்போது குச்சி. ஸ்கிரீனில் மோதினால் அங்கேயே ஒட்டிக்கொள்வார், நழுவி வரத் தெரியாது.

ரீபவுண்ட்_ராணி
அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்களேன், தேர்வு முடிவு வந்து வருடக்கணக்காகிறதே. என்பிஏ முதல் சீசனிலேயே லான்ஸோ 1.7 ஸ்டீல். 2021-22-ல் சிகாகோ அணியில் 1.8 ஸ்டீல், 0.9 பிளாக். பாயிண்ட் கார்டு பிளாக் செய்கிறார்! அவரும் அலெக்ஸ் கருசோவும் சேர்ந்து எதிரணி கார்டுகளைப் பாடாய்ப்படுத்திய காலம் அது. 35 ஆட்டத்தோடு முழங்கால் போனது, அடுத்த இரண்டு சீசனும் முழுதாகப் போயின. அது தனிச் சோகம். ஆனால் டிஃபென்ஸ் தெரியாதவன் என்று அந்த ஓர் இரவில் முத்திரை குத்தியவர்கள் யாரும் இதற்குப் பதில் சொல்லவில்லை.

கடைசி_நொடி
சொல்கிறேன். சிகாகோவில் அவர் நன்றாகக் காத்தார், மறுக்கவில்லை. ஆனால் யாரை? அந்த டிஃபென்ஸின் உயிர் அவர் உதவிக்கு வருவதிலும், தன்னைவிடப் பெரிய ஆட்களிடம் ஸ்விட்ச் ஆவதிலும் (காக்கும் ஆளை மாற்றிக்கொள்வதிலும்), பாஸைப் பறிப்பதிலும் இருந்தது. மின்னல் வேக சின்ன கார்டை முன்னால் நிறுத்தி வைப்பதில் இல்லை. மெம்ஃபிஸில் நான் பார்த்த ஓட்டை ஓட்டையாகவேதான் இருந்தது, அதை மறைக்கும் இடத்தில் அவரை நிற்க வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை, 2023-24-ல் ஆட்டத்துக்கு அதிக ஸ்டீல் எடுத்து என்பிஏவில் முதலிடம் பிடித்தது யார்? அதே ஃபாக்ஸ்.

ரீபவுண்ட்_ராணி
ஸ்டீல் பாதி சூதாட்டம் என்று மேலே யாரோ எழுதினார்கள். பெயர் மறந்துவிட்டது.

கடைசி_நொடி
சரி, மாட்டிக்கொண்டேன்.

இடதுகைக்காரன்
அப்படியானால் கேள்வியே மாறிவிட்டது. "இவன் டிஃபென்ஸ் ஆடுவானா" என்று கேட்டதுதான் தப்பு. "யாரைக் காப்பான், எங்கே நிற்க வைத்தால் காப்பான்" என்று கேட்டிருந்தால் மெம்ஃபிஸ் வீடியோவிலேயே பாதி விடை கிடைத்திருக்கும்.

பெஞ்ச்_ஓரம்
கிடைத்திருக்கும், பந்தைத் தொடராமல் பார்த்திருந்தால். அடுத்த தடவை அந்த ஆட்டத்தைப் போடும்போது ஃபாக்ஸை விட்டுவிடுங்கள். பந்து மறுபக்கம் இருக்கும் நேரங்களில் லான்ஸோவை மட்டும் பாருங்கள். நானும் இந்த வாரம் அப்படிப் பார்க்கிறேன், எத்தனை முறை சரியான இடத்தில் நின்றார் என்று எண்ணிக்கொண்டு வருகிறேன்.

கடைசி_நொடி
நானும் எண்ணுகிறேன். ஃபாக்ஸ் தாண்டிப் போனதையும் சேர்த்து.