ஆச்சி மனோரமா: காது கொடுத்துக் கேட்க வேண்டிய நடிப்பு

ஆச்சி என்றதும் ஆயிரம் படம், ஐந்து முதல்வர்களோடு நடித்தவர் என்று கணக்கைத்தான் முதலில் சொல்கிறோம். அவர் மறைந்த நாளான அக்டோபர் 10 அன்று அதை விட்டுவிட்டு, 1968-இல் வந்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். 'தில்லானா மோகனாம்பாள்' ஜில் ஜில் ரமாமணி நாடகக்காரி. சாதாரணப் பேச்சையும் ராகம் போட்டு இழுப்பாள். 'பொம்மலாட்ட'த்தில் வி.குமார் இசையில் ஆச்சியே பாடிய 'வா வாத்யாரே ஊட்டாண்ட'வில் அந்தக் குழைவு மருந்துக்கும் இல்லை. மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் வளர்ந்தவர் வாயில் 'வீட்டண்டை' எவ்வளவு சுளுவாகச் சென்னைத் தமிழின் 'ஊட்டாண்ட' ஆகிறது! இரண்டும் ஒரே ஆள் என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நம்ப முடியாது.

———

அது மேடை கொடுத்த காது. எஸ்.எஸ்.ராஜேந்திரன் நாடகக் குழுவில் நடித்தவர். நாடகத்தில் குளோசப் கிடையாது. கடைசி வரிசைக்காரருக்கும் குரல்தான் முகம். 'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் 'கம்முனு கெட' காட்சியை மிமிக்ரி செய்கிறவர்கள் சறுக்குவது இங்கேதான். எல்லாத் தடவையும் ஒரே உச்சத்தில் கத்திவிடுகிறார்கள். ஆச்சி அதே இரண்டு சொல்லை ஒருமுறை அதட்டலாக, ஒருமுறை அலட்சியமாக இறக்குவார். நேரம் இன்னும் முக்கியம். எதிராளி வாய் திறக்கும்போதே சொல் விழுந்துவிட வேண்டும்; அவர் பேசி முடித்தபின் சொன்னால் அது வெறும் பதில், சிரிப்பு வராது.

———

ஒரு திருத்தம். கதாநாயகியாக நடித்ததே இல்லை என்று பலர் எழுதுகிறார்கள். 1958-இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை'யில் கொடுத்தது நகைச்சுவை வேடம். ஆனால் 1963-இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் ஆச்சிதான் நாயகி, ஜோடி ஆர்.எஸ்.மனோகர். 'புதிய பாதை'க்கு வாங்கிய தேசிய விருதும் துணை நடிகைக்கானது, நகைச்சுவைக்கானதல்ல.

———

'சின்ன கவுண்டர்' (1992) படத்தை விட்டுவிடாதீர்கள். விஜயகாந்தின் ஆத்தாவாக, துருத்திய பல்லோடு வருவார். செயற்கைப் பல் மாட்டினால் உதடு முழுசாக ஒட்டாது. முதலில் குழறுவது ப, ம இரண்டும்தான். பல் வெளியே விழாமலிருக்க வாயை இறுக்கினால் கன்னம் மரத்துப்போய் முகபாவம் செத்துவிடும். அந்தப் பல்லை வைத்துக்கொண்டே கொங்கு வட்டாரப் பேச்சு, கோபம், அழுகை எல்லாம் பேசியிருக்கிறார். அழும் இடத்தில் வாயைப் பாருங்கள்: பல் நம் கண்ணிலேயே படாது.