சோகன், நனாகோ: தமிழில் என்ன போடலாம்?

குழுவினர்க்கு வணக்கம். ஜப்பானிய வாள்பிடி அணிவேலைகள் பற்றிய கண்காட்சிக்கு விளக்க அட்டைகளை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அலகுக்கும் பிடிக்கும் நடுவே வரும் த்சுபாவுக்குக் 'கைகாப்புத் தகடு' என்று போட்டுவிட்டேன். சிக்கல் அதன்மேல் உள்ள வேலைப்பாட்டில்தான். ஓர் உலோகத்தில் இன்னொன்றைப் பதிப்பது சோகன். காடி வெட்டிக் கம்பியை அடித்து இறக்கி மட்டமாகத் தேய்த்தால் ஹிரா சோகன். புடைத்து நின்றால் தகா சோகன். நுனோமே என்றால் துணிநெசவு; நுனோமே சோகனில் இரும்பின்மேல் குறுக்கும் நெடுக்குமாக உளியால் நுண்கீறல் போட்டு, மெல்லிய தங்கத்தகட்டை வைத்துத் தட்டுவார்கள். கீறலின் பிசிறே தகட்டைப் பிடித்துக்கொள்ளும். மட்டப்பதிப்பு, புடைப்புப்பதிப்பு, துணிப்பதிப்பு: சரியா?

> துணிப்பதிப்பு கெட்டி அட்டையா, சாதா அட்டையா? 'பதிப்பு' என்றாலே புத்தகம்தான். வேண்டாம்.

> தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது. கொலைக்களக் காதையில் பொற்கொல்லன் சிலம்பை உற்றுப் பார்க்கும் இடம்: 'பத்திக் கேவணப் பசும்பொன் குடைச்சூல்'. கேவணம் என்பது கல் அழுத்தும் குழி. கவ்வு, கவை, கவடு எல்லாம் ஒரே வேர் என்றே எனக்குப் படுகிறது. கவ்விப் பிடிப்பதால் கவ்வணம், அதுவே கேவணம் ஆகியிருக்கும் என்பது என் ஊகம். மட்டக்கேவணம், புடைகேவணம் என்க.

>> ஐயா, பிள்ளைகள் அதைக் 'கோவணம்' என்று வாசித்துவிட்டுச் சிரிப்பார்கள். அதோடு இங்கே கல்லும் இல்லை, கல்லுக்கான குழியும் இல்லை. நுனோமேயில் காடியே கிடையாது, வெறும் கீறல்தான். அம்மி கொத்துகிற மாதிரி வேலை அது. 'கொத்துப் பதிவேலை' என்றால் என் அம்மாவுக்கே புரியும்.

>>> பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பார்த்தால் தமிழில் பாதிச் சொல் மிஞ்சாது, அம்மா. கொத்து என்றால் பரோட்டா நினைவு வராதா?

நனாகோவையும் பார்த்துவிடுங்கள். முனை குழிந்த சிறு உளியால் ஒவ்வொன்றாகத் தட்டித் தளம் முழுக்கக் குருமணிகள் எழுப்புவது. அவர்கள் எழுத்தில் 'மீன்', 'பிள்ளை' என்ற இரண்டும் சேர்ந்து வருகின்றன. மீன்முட்டை என்று பொருள்.

> சினை! மீன்சினை வேலை. சினை என்றால் உறுப்பும் ஆகும், கருவும் ஆகும். தளத்தின் உறுப்பாகிய மணிகளைச் சொல்லி முழுத் தளத்தையும் குறித்தால் அது சினையாகுபெயர். நன்னூலாரே ஒப்புதல் தந்த மாதிரி.

>> சினைமாடு என்ற வழக்கும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

> இழையோடு ஒட்டாததுதான், ஆனாலும் சொல்கிறேன். ஷகுதோ என்ற உலோகம் செம்பில் சிறிது தங்கம் கலந்தது. மருந்துநீரில் கொதிக்கவிட்டால் நீலக்கருமை ஏறும். பெயரோ 'செஞ்செம்பு'! வாள் அணிவேலையில் பேர்போன கோட்டோ குடும்பத்தார் அந்தக் கருமையில் நனாகோ தட்டி, மேலே தங்க உருவங்களை வைத்தார்கள். 1876இல் பொது இடத்தில் வாள் அணியத் தடை வந்ததும் இந்தக் கைவினைஞர்கள் பூச்சாடி, பெட்டி என்று போய்விட்டார்கள். வாள் அணிவேலைக் கலைஞரான கனோ நட்சுவோ மெய்ஜி கால நாணயங்களுக்கே வடிவமைத்தார்.

>> அருமை. ஷகுதோவுக்கு என்ன போடுவது?

>>> கருஞ்செம்பு.

>>>> பெயர் 'செஞ்செம்பு' என்கிறார், நீங்கள் கருஞ்செம்பு என்கிறீர்கள். இதற்கு ஷகுதோவே மேல்.

வியாழன் இரவாகிவிட்டது. கைகளை எண்ணினேன். 'பதிவேலை'க்கு ஐந்து, 'இழைப்பு'க்கு (பொன்னிழைத்தல் என்பது போல) இரண்டு, 'கேவண'த்துக்கு ஒன்று. மட்டப் பதிவேலை, புடைப்புப் பதிவேலை, கொத்துப் பதிவேலை என்று அனுப்புகிறேன். நனாகோவும் ஷகுதோவும் அப்படியே. பக்கத்தில் ஒரு வரி விளக்கம். அனைவர்க்கும் நன்றி.

> அச்சேறினாலும் என் கருத்து கேவணம்தான். அப்புறம், இழைப்பு என்ற இருவரும் 'இழை'க்கும் 'இணை'க்கும் என்ன உறவு என்று சொல்லவே இல்லை. 'கவ்' வேர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

>> ஐயா, அடுத்த வாரம் தொடங்குங்கள்.