துவக்குப் பிடி சீவ எந்த அரம்? "பல் என்றால் பல்" என்றவருக்குப் பதில்

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
நேற்று கத்திப் பிடி பற்றிய பேச்சுக்கு நடுவில் படுவான்கரை வேலன் எழுதியதைப் படித்ததில் இருந்து பொறுக்க முடியவில்லை. "கையால் பல் கொத்திய, மரம் சீவுகிற அரம் வாங்குவது காசைக் கரியாக்குகிற வேலை, ஹார்ட்வெயார் கடை அரமும் அதுவும் ஒன்றுதான், பல் என்றால் பல்" என்று எழுதியிருக்கிறார். பல் என்றால் பல் இல்லை தம்பி. கடை அரத்தை வெயிலில் திருப்பிப் பாருங்கள், பல்லெல்லாம் நாற்று நட்ட மாதிரி வரிசையாக நிற்கும். முன் பல் கீறிய கோட்டிலேயே பின்னால் வருகிற பல்லும் விழும், மரத்தில் வாய்க்கால் வெட்டின மாதிரி ஆகிவிடும். கையால் கொத்தியதில் வரிசை இல்லை. இரும்பைக் காய்ச்சிக் கடினமாக்குவதற்கு முன், அது மெதுவாக இருக்கும்போதே, ஒரு மனிதன் கூர் உளியை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொரு பல்லாக அடித்து எழுப்புகிறான். கை என்றால் கொஞ்சம் அங்கே இங்கே போகத்தான் செய்யும். அப்படிப் போவதால்தான் ஒரு பல் விட்ட இடத்தை அடுத்த பல் எடுக்கிறது. போன மாதம் அனுமதிப்பத்திரத்தோடு காவல் துவக்கு (துப்பாக்கி) வைத்திருக்கிற ஒரு விவசாயி, பிடி கழுத்தில், அதாவது கை பிடிக்கிற ஒடுங்கிய இடத்தில், வெடித்துப் பிளந்துவிட்டது என்று கட்டையை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார். உழவு இயந்திரத்தில் இருந்து விழுந்ததாம். புதுக் கட்டையின் கழுத்தைக் கையால் கொத்திய 9ஆம் இலக்க அரத்தால் சீவி, 13ஆல் முடித்தேன் (இலக்கம் கூடக் கூடப் பல் நுணுக்கம்). அதற்குப் பிறகு சாண்ட் பேப்பர் நாலு இழுவைதான்.

படுவான்கரை வேலன்:
நான்தான் எழுதினேன், எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். வரிசை இல்லை என்கிறீர்களே அண்ணன், கையால் கொத்துகிற பிரான்ஸ் கம்பனிகள் ஓரியு, லியோஜியே இரண்டின் அரப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். வரிசை இருக்கிறது. சரிந்த வரிசை, ஆனால் வரிசை. கண் உள்ள யாரும் பார்க்கலாம். பெரிய அளவு ஒன்று 100 யூரோவைத் தாண்டும். அந்தக் காசுக்கு இங்கே ஒரு போக நெல்லுக்கு மருந்தடிக்கலாம்.

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
படத்தில் பார்த்தவர் பேசுகிறார், கையில் பிடித்தவன் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். சரிந்து போவது கொத்துகிறவனின் கை போகிற திசை. அதை வரிசை என்று சொல்ல முடியாது. பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி ஒரே அளவா? இல்லை. அப்படியென்றால் வரிசை இல்லை.

படுவான்கரை வேலன்:
இடைவெளி வேறு, வரிசை வேறு. வரிசை இருக்கிறது.

கல்முனைக் காக்கா:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு நிக்கல்சன் கம்பனியின் 49, 50 இலக்க அரம் இரண்டையும் நினைத்துப் பாருங்கள். அவை மெசினில் வெட்டியவை. ஆனால் பல்லை வேண்டுமென்றே கலைத்து, அலை அலையாக வெட்டியிருப்பார்கள். 49 கொஞ்சம் கரடு, 50 நுணுக்கம். என்னிடம் பழைய 49 ஒன்று இருக்கிறது, வாப்பா வைத்திருந்தது, 1978 புயலில் கூரை போன வீட்டுக்குள் இருந்து எடுத்தது. இன்றைக்கும் மரம் தின்கிறது. மெசின் என்றாலே வாய்க்கால் விழும் என்று ஓடாவி மகன் சொல்வது சரியில்லை.

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
காக்கா, 49 நல்ல அரம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெசின் கலைத்த கலைப்பு ஒரு இடத்துக்குப் பிறகு திரும்ப வரும், கை கலைத்தது திரும்ப வராது. கழுத்து மாதிரி வளைவான இடத்தில் அரைவட்ட முகத்தை உருட்டி உருட்டித் தள்ளும்போது இது தெரியும். நேர்ப்பலகை சீவுகிறவருக்குத் தெரியாது. இன்னொன்று, வேலன் கடை அரத்தை முன்னும் பின்னும் இழுத்துத்தான் பாவிக்கிறார், நானே பார்த்திருக்கிறேன். தள்ளும்போது மட்டும்தான் அரம் வெட்டும், திரும்பும்போது தூக்க வேண்டும். பின்னால் இழுத்தால் பல் மொட்டையாகும். அப்புறம் அரத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

படுவான்கரை வேலன்:
என் பட்டறைக்கு வந்து பார்த்தீர்கள் என்றால், அன்றைக்கு எடுத்துப்போன என் ஜி கிளாம்ப் இரண்டும் எங்கே என்றும் சொல்லுங்கள். தை மாதம் கொண்டுபோனது. ஒருத்தனின் சாமானைத் திருப்பிக் கொடுக்காதவர் எனக்கு அரம் பிடிக்கப் படிப்பிக்கிறார்.

இடக்கையன் (வாழைச்சேனை):
நான் இடக்கை. கையால் கொத்தியதில் வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். பல் சரிகிற பக்கம் மாறும். வலக்கை அரத்தைப் பிடித்தால் எனக்கு இரண்டாவது தள்ளலிலேயே கோடு விழுகிறது. ஆகவே சரிவு என்று ஒன்று இருக்கிறது என்பது உறுதி.

படுவான்கரை வேலன்:
பார்த்தீர்களா! சரிவு இருந்தால் வரிசை இருக்கிறது.

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
தம்பி இடக்கையன், நீங்கள் உதவி செய்கிறேன் என்று அவருக்குக் கயிறு கொடுத்துவிட்டீர்கள். சரிவு இருக்கிறது. வரிசை இல்லை. இரண்டும் ஒன்றில்லை என்று எத்தனை தரம் எழுதுவது? கிளாம்ப் விஷயத்தை இங்கே இழுக்கத் தேவையில்லை, அதில் ஒன்று உங்களுடைய மச்சானிடம் இருக்கிறது, அவரிடம் கேளுங்கள்.

சாவண்டலை (மண்டூர்):
எந்த மரத்தில் செய்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. வெளிநாட்டில் துவக்குப் பிடிக்கு வால்நட் மரம். இங்கே அது இல்லை என்று தேக்கில் செய்கிறார்கள், அது பிழை. தேக்கு அதிர்ச்சி தாங்காது, கழுத்தில் பிளக்கும், அதற்குள் மணல் மாதிரி ஒரு சத்து இருப்பதால் அரத்தின் கூரும் போகும். சாவண்டலை மரம்தான் சரி. திருகோணமலை மரம் என்றே வெள்ளைக்காரர் அதற்குப் பெயர் வைத்தார்கள், சென்னைக் கரையில் மசூலாப் படகு கட்டக் கொண்டுபோனார்கள். வளையும், முறியாது.

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
முதிரை மரத்தில் செய்தேன்.

சாவண்டலை (மண்டூர்):
முதிரையா? துவக்கைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அதன் தூள் பட்டால் தோல் அரிக்கும். மரநார் முன்னும் பின்னுமாகப் பின்னிக் கிடக்கிற மரம் அது.

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
பின்னிக் கிடக்கிறது என்பதால்தான் சீவுளி வேண்டாம், அரம் வேண்டும் என்கிறேன். சீவுளி பின்னின நாரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும், கையால் கொத்திய அரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் பிய்க்காது. அதுவும் கன்னம் வைக்கிற மேட்டில் ஒரு சில்லு பெயர்ந்தால் முழுக் கட்டையும் வீண். வேலனின் கடை அரத்தால் அதே மேட்டை நான் வேண்டுமென்றே சீவிப் பார்த்தேன், மிச்சத் துண்டில். வாய்க்கால் விழுந்தது. நகத்தை வைத்து இழுத்தால் டிக் டிக் என்று தட்டும். அந்தக் கோட்டை அழிக்க 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரில் அரை மணித்தியாலம் போனது, அதற்குள் மேட்டின் வளைவும் போய்விட்டது. துவக்கு வைத்திருக்கிறவன் அந்த மேட்டில் கன்னம் வைத்துத்தான் குறி பார்க்கிறான். அரிசி மணி அளவு கூடிக் குறைந்தாலும் கண் வேறு இடத்தில் நிற்கும். இதற்குத்தான் நல்ல அரம். பெருமைக்கு இல்லை.

கல்முனைக் காக்கா:
முதலில் கரடாக இறக்குவதற்கு 49, கடைசிக்கு உங்கள் 13 என்று வைத்தால் என்ன? எல்லாவற்றுக்கும் பிரான்ஸ்காரன் வேண்டுமா? கரட்டு வேலைக்குக் குதிரைக் குளம்பு சீவுகிற அரமே பாவிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
கரட்டு வேலைக்கு எதையும் வையுங்கள் காக்கா, கோடரியையும் வையுங்கள். நான் பேசுவது கழுத்தும் மேடும். அங்கே வரிசை இல்லாத பல்தான்.

படுவான்கரை வேலன்:
வரிசை இருக்கிறது.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே இருக்கிற எழுவான்கரை ஆட்கள் எப்போதும் இப்படித்தான், வாவிக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறவனுக்கு ஆயுதம் பிடிக்கத் தெரியாது என்று நினைப்பு. யானைக்கும் பன்றிக்கும் விழித்திருக்கிறவன் நாங்கள். துவக்கு யாருடைய தோளில் இருக்கிறது?

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
துவக்கு உங்கள் தோளில், பிடி வெடித்தால் வருவது என் வாசலுக்கு. கரையைப் பற்றி நான் ஒரு சொல் எழுதவில்லை.

இடக்கையன் (வாழைச்சேனை):
உப்புக் காற்றில் என் அரம் இரண்டு மாதத்தில் துருப்பிடித்துவிட்டது. கம்பித் தூரிகையால் தேய்க்கலாமா?

ஓடாவி மகன் (ஆரையம்பதி):
வேண்டாம். உருக்குக் கம்பி பல்லின் முனையைத் தின்றுவிடும். பழைய பல்துலக்கியால் தூளைத் தட்டிவிட்டு, லேசாக எண்ணெய் தொட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். மற்ற அரத்தோடு சேர்த்துப் பெட்டியில் போட வேண்டாம், பல்லும் பல்லும் முட்டினால் இரண்டுமே போகும்.

வேலன், நாளைக்கு என் அரத்தைப் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறேன். வரிசை எங்கே என்று நீங்களே கோடு போட்டுக் காட்டுங்கள்.

படுவான்கரை வேலன்:
போடுங்கள். கிளாம்ப்பையும் பக்கத்தில் வைத்து எடுங்கள். மச்சானிடம் கேட்டேன், தன்னிடம் ஒன்றும் இல்லை என்கிறார்.