கேட்டரிங் அண்ணனும் இரண்டரை மணி ஸ்டிக்கரும்: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

பிடோக் வாசி:
போன வருஷம், இங்கே சிங்கப்பூரில் தங்கையின் வளைகாப்பு. புளோக்குக்குக் கீழே வாய்ட் டெக்கில் (அடுக்குமாடியின் திறந்த தரைத்தளம்) 80 பேருக்குச் சாப்பாடு. கேட்டரிங் எடுத்தவர்களுக்கு அந்த ஸ்டிக்கர் தெரியும். சமைத்த நேரம் 10:30, சாப்பிட்டு முடிக்க வேண்டிய நேரம் 2:30. அன்று நல்ல மழை. மாப்பிள்ளை வீட்டார் வந்ததே ஒரு மணிக்கு மேல். பிரியாணித் தட்டுக்கு அடியில் இருந்த தீ காற்றில் எப்போது அணைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை.

சரியாக இரண்டரைக்கு அந்த அண்ணன் பாத்திரங்களை எடுக்க வந்தார். ஐம்பது வயது இருக்கும், முன்கையெல்லாம் எண்ணெய் தெறித்த தழும்பு. அதற்குள் அம்மா தாப்பாவ் (பார்சல்) டப்பாக்களை வரிசையாகத் திறந்து வைத்துவிட்டார். அண்ணன் பிரியாணிக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்த்தார். 46 டிகிரி. மூடியைப் போட்டு, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்கம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்கிற வீடு. இதைக் குடுக்க மாட்டேன்."

நான் திட்டினேன். காசு கொடுத்தது நாங்கள், சுபகாரியத்தில் சோற்றைக் குப்பையில் கொட்டுவீர்களா என்று சொந்தக்காரர்கள் முன்னால் கத்தினேன். அவர் பதில் பேசவில்லை, மூடியிலிருந்து கையையும் எடுக்கவில்லை. இன்றும் அந்தக் கைதான் கண் முன்னால் நிற்கிறது.

தேக்கா மகன்:
உங்கள் கோபம் நியாயம். ஒரு கருவி சொன்னதற்காக அரைத் தட்டு பிரியாணியைக் கொட்ட எனக்கு மனசு ஒப்பாது. என் அப்பா கண்டாங் கெர்பாவ் பழைய சந்தையில் எடுபிடியாகத் தொடங்கியவர். 1982இல் இன்றைய தேக்கா நிலையம் திறந்தபோது (அப்போது பெயர் சூ ஜியாவ்) முதலாளியோடு இடம் மாறினார், அப்புறம் சொந்தக் கடை. விடியற்காலை 3 மணிக்கு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார். வெப்பமானியைத் தொட்டதே இல்லை. புறங்கையை மூடியில் வைத்து, "தம் ஏறிடுச்சு" என்பார். அவர் கடையில் சாப்பிட்டு வயிற்றுவலி என்று ஒருவரும் வந்ததில்லை.

தான் சமைத்த பிரியாணியை அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ராத்திரி வீட்டுக்கு வந்து ரசம் சோறு, சுட்ட அப்பளம், அவ்வளவுதான். ஏன்பா என்றேன். "காலையிலேர்ந்து மோந்து மோந்தே வயிறு ரொம்பிடுதுடா."

2020இல் நம் உணவங்காடிக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செய்தி டிவியில் வந்தது. அவர் கடையைத் திருப்பிக் கொடுத்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. செய்தி முடிந்ததும் எழுந்து போய், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவரும் கடையை எடுத்து நடத்த முன்வரவில்லை.

வெள்ளைத் தொப்பி:
தேக்கா மகன், உங்கள் அப்பா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இரண்டையும் ஒப்பிடுவது சரியில்லை. அவர் குண்டான் அடுப்பிலேயே இருந்தது, மதியத்துக்குள் காலியானது. கேட்டரிங் சாப்பாடு லாரியில் ஏறி, மேசையில் காத்துக் கிடப்பது. நான் ஒரு கேட்டரிங் சமையற்கூடத்தில் உணவுச் சுகாதார அதிகாரி. பாத்திரம் கழுவத் தொடங்கி, இரவு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவள். முதல் வருஷம் 30 கிலோ சாதத்தைக் கொட்டச் சொன்னேன். தலைமைச் சமையல்காரர் கண் கலங்கக் கொட்டினார். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். 5 முதல் 60 டிகிரி வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் தாக்குப்பிடிக்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. "வீட்டுக்குப் போய் மைக்ரோவேவில் வைத்துக்கொள்கிறோம்" என்று கெஞ்சுபவர்களிடம் இதைத்தான் நான் சொல்லிச் சொல்லிக் களைக்கிறேன். வாசனையோ ருசியோ மாறாமல் இருக்கலாம். மிஞ்சும் என்று தோன்றினால் விருந்து தொடங்கும்போதே கொஞ்சம் எடுத்து, அகலத் தட்டில் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். குண்டானோடு வைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். ஆர்டரையும் குறைத்துச் சொல்லுங்கள். 80 பேரை அழைத்தால் 80 பேரும் வருவதில்லை.

2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்டு 150க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், இரண்டு பெண்கள் இறந்தார்கள். அது வேறு கிருமி, கடலுணவில் வருவது. அப்போது நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வாரமே எங்கள் முதலாளி பச்சை மீனுக்கென்று தனியாக ஒரு வெட்டுப்பலகை வாங்கி வந்தார்.

இரவு ஷிப்ட்:
நான் டாக்சி ஓட்டுகிறேன். விடியற்காலை 4 மணி, உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு பரோட்டாக் கடை. மாவு வீசுகிற தம்பி ராமநாதபுரத்துக்காரர். காதில் போன். மாவு காற்றில் விரிந்திருந்த நேரத்தில் ஊரில் அவருக்குப் பெண் பிள்ளை பிறந்த சேதி வந்தது. மாவைத் தவறவிடாமல் பிடித்து, மடித்து, கல்லில் போட்டார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "அண்ணே, கோசோங்கா முட்டையா?" என்றார் (கோசோங் என்றால் வெறும் பரோட்டா). அப்புறம்தான் பிள்ளை பிறந்ததைச் சொன்னார். நான் முட்டை என்றேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

தேக்கா மகன்:
வெள்ளைத் தொப்பி, நான் கிருமியைப் பற்றிப் பேசவில்லை. சோற்றைக் கொட்டும்போது ஒருவருக்குக் கை நடுங்க வேண்டும் என்கிறேன்.

வெள்ளைத் தொப்பி:
நடுங்கும். எனக்கு இன்றும் நடுங்குகிறது.

பிடோக் வாசி:
அன்று கேட்டரிங் அண்ணன் அள்ளிக்கொண்டு போன பாத்திரங்களோடு எங்கள் வீட்டுப் பெரிய கரண்டியும் போய்விட்டது, பாட்டி காலத்துப் பித்தளை. மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் கேட்டில் ஒரு பை தொங்கியது. கரண்டி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று. மணியடித்துக் கூப்பிடவில்லை.