காசநோய் மாத்திரையால் தோல் உரிகிறது, எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டார்கள். சரிதானா?

கேள்வி (மகள்):
அப்பாவுக்கு நுரையீரல் காசநோய். நான்கு மருந்தும் தொடங்கி 26ஆம் நாள் காய்ச்சல், கண் எரிச்சல். மறுநாள் உதடெல்லாம் புண், மார்பில் கருஞ்சிவப்புத் திட்டுகள். சட்டையைக் கழற்றும்போது தோள் தோல் ஈரக் காகிதம் மாதிரி கையோடு வந்துவிட்டது. ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்கிறார்கள், மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரியும் நோயாம். ஒரு வேளைகூட விடாதீர்கள் என்று சொன்னவர்களே நான்கையும் நிறுத்திவிட்டார்கள். கிருமி முற்றிவிடாதா? ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கவில்லை.

பதில் 1:
ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லுங்கள், இரண்டு நாளில் அடங்கிவிடும்.

பதில் 2 (வார்டு செவிலி):
அம்மா, நிறுத்தியது சரிதான். காரணமான மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. நான்கையும் ஒன்றாகத் தொடங்கியதால் எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. காசநோய்க் கிருமி மெதுவாகப் பெருகுவது, பெரும்பாலும் கொஞ்ச நாள் பொறுக்கும். மூளையைத் தாக்கியிருந்தால் கதை வேறு. அப்போது அவர் இதுவரை சாப்பிடாத மருந்துகளை வைத்து ஓட்டுவார்கள். தோல் ஆறிய பிறகு, பெரிய டாக்டர்கள் பார்த்து, ஒவ்வொரு மருந்தாக யோசிப்பார்கள். இதுதான் காரணம் என்று உறுதியானதை இனி வாழ்நாளுக்கும் தொடக்கூடாது.

ஸ்டீராய்டு பற்றி மேலே எழுதியவருக்கு: அதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. காசநோய் மருந்தும் நின்றிருக்கும்போது இன்னும் யோசிப்பார்கள்.

ஆன்டிபயாட்டிக் முன்கூட்டியே கொடுக்காததும் கவனக்குறைவு இல்லை. தோல் போன உடம்பு கிருமிக்குத் திறந்த வாசல்தான், இந்த நோயில் உயிரை எடுப்பதும் பெரும்பாலும் ரத்தத்தில் பரவும் கிருமிதான். ஆனாலும் அறிகுறி வந்த பிறகுதான் கொடுப்பார்கள். திடீர்க் குளிர், சிறுநீர் குறைவது, ஆள் தடுமாறிப் பேசுவது, இதில் எது தெரிந்தாலும் உடனே கூப்பிடுங்கள்.

கண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். தோல் ஆறிவிடும், இமை ஒட்டிக்கொண்டால் பார்வைக்கே ஆபத்து. கண் டாக்டர் தினமும் வந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். அப்புறம், பிளாஸ்திரி. என் முதல் நோயாளிக்கு ட்ரிப் ஊசியைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். எடுத்தபோது உள்ளங்கை அளவு தோலும் சேர்ந்து வந்தது. நோயாளியின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பில் சுமார் 1 சதவீதம். 10 சதவீதத்துக்குள் உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன், 30 தாண்டினால் இதே நோயின் அதைவிட மோசமான வடிவம், 'டென்' (TEN) என்பார்கள். அன்றிலிருந்து நான் துணி சுற்றித்தான் கட்டுகிறேன்.

கடந்த இரண்டு மாதத்தில் வேறு என்ன சாப்பிட்டார்? வலி, வலிப்பு, மூட்டு, கைமருந்து எதுவானாலும் சொல்லுங்கள்.

மகள்:
இரண்டாவது வாரத்தில் மூட்டு வலி என்று தனியாக ஒரு கிளினிக்கில் காட்டினார். அல்லோபூரினால் என்று எழுதியிருக்கிறது. பாதி அட்டை காலி. இதை ஆஸ்பத்திரியில் நாங்கள் சொல்லவே இல்லை.

பதில் 2:
யூரிக் ஆசிட்டுக்கான மாத்திரை. இந்த நோயை உண்டாக்குவதில் பேர்போனது. மீதி அட்டையை எடுத்துக்கொண்டு இப்போதே வார்டுக்குப் போங்கள், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம்.